தணலாக இருக்கும்போதே எடு!

சூளை மூட்டுகிறவருக்குப் பொறுமைதான் முதல் பாடம். எரித்து முடித்தபின் சூளை தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் பானை கீறல் விடும். ராக்கு என்னும் மண்பாண்ட முறையில் இந்தப் பாடமே தலைகீழ். ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் செக்கச்செவேலென்று ஒளிரும் கிண்ணத்தை நீண்ட இடுக்கியால் கவ்வி வெளியே எடுத்துவிடுகிறார்கள். உடையாதா? சில உடையத்தான் செய்யும். பெரும்பாலானவை தப்புவதற்குக் காரணம், மண்ணோடு கலக்கும் மணலும் ஏற்கெனவே சுட்ட மண்ணின் பொடியும்தான்.

ராக்கு பிறந்தது ஜப்பானின் கியோட்டோவில். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்யூவின் ரசனைக்கேற்ப சோஜிரோ என்பவர் கிண்ணங்கள் செய்தார். சக்கரம் இல்லை, கையால் பிடித்து, செதுக்கி எடுத்தவை. கரி அடுக்கி, துருத்தி ஊதி, கறுப்புக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். சட்டென்று குளிர்வதால்தான் அந்தக் கறுப்பு நிற்கிறது. கவ்விய இடுக்கியின் தடத்தை யாரும் மறைப்பதில்லை. சோஜிரோ வழிவந்த குடும்பத்தின் 16ஆம் தலைமுறை இன்றும் அதே ஊரில் கிண்ணம் செய்கிறது.

ஆனால் ராக்கு என்றதும் இன்று பலருக்கு நினைவு வரும் புகையும் செம்புப் பளபளப்பும் கியோட்டோவின் சொத்தல்ல. 1960 வாக்கில் கலிபோர்னியாவில் மண்பாண்டக் கலைஞர் பால் சோல்ட்னர், தணலாக இருந்த பாண்டத்தை உலர்ந்த இலைகளில் போட்டுப் பார்த்ததில் தொடங்கியது அது. இப்போது மரத்தூளோ செய்தித்தாளோ நிரப்பிய தகர டிரம்மில் கிண்ணத்தை இறக்குகிறார்கள். குபீரென்று தீப்பிடிக்கும், உடனே மூடிவிட வேண்டும். உள்ளே காற்று தீர்ந்துபோக, பசி அடங்காத நெருப்பு மேற்பூச்சிலுள்ள செம்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. மிஞ்சுவது செம்பு உலோகம், அதன் மினுமினுப்பு. பூச்சு படாத மண்ணில் கரி ஏறிக் கறுக்கிறது. குளிரும்போது பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கி, மெல்லிய வெடிப்புகள் ஓடும். புகை நுழைந்து அவற்றுக்கு மை தீட்டிவிடும்.

காற்றைத் தடுத்து மண்ணைக் கறுப்பாக்கும் வித்தை நமக்கும் பழையதுதான். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் காற்றுப்படாத உட்புறம் கறுப்பு, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவப்பு.

செம்பு மினுக்கம் நிரந்தரமல்ல. காற்றுபட்டு, ஆண்டுகள் செல்லச்செல்ல மங்கும். கியோட்டோக் கிண்ணத்தில் தேநீர் குடிக்கலாம். அதற்காகவே பிறந்தது அது. புகை போட்ட கிண்ணமோ நீரை உறிஞ்சும், அதன் பூச்சும் உணவுக்கு ஏற்றதல்ல. ஆசைப்பட்டு வாங்கினால் அலமாரியில் வையுங்கள், காப்பி மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.