கடலுக்கடியில ஒரு ஆர்ட் கேலரி!

வெஸ்ட் இண்டீஸ் மேட்ச் பார்க்கிறவங்களுக்கு 'கிரெனடா'ங்கிற பேரு பழக்கமா இருக்கும். கரீபியன் கடல்ல ஒரு குட்டித் தீவு நாடு. மொத்தமே சுமார் 344 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சியே இதைவிடப் பெருசு! தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் வெச்சிருக்கிற நாடு.

2004 செப்டம்பர்ல 'இவான்' புயல் இந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. வீடுகள், ஜாதிக்காய்த் தோட்டங்களோட சேர்த்து, கடலுக்கடியில இருந்த பவளப்பாறைகளும் நொறுங்கின. பாறைனு சொன்னாலும், பவளம் கல்லு இல்லீங்க. குட்டிக் குட்டி உயிர்கள் கூட்டமாச் சேர்ந்து சுண்ணாம்புல கட்டுற வீடு. கடல் தரையில ஒரு சதவிகிதம்கூட இல்லாத இந்தப் பாறைகளை நம்பித்தான், கடல்வாழ் இனங்கள்ல கால்வாசி பிழைக்குது.

மிச்சமிருந்த பாறைகளுக்கு அடுத்த தலைவலி, டைவிங் வர்ற டூரிஸ்ட்டுகள். கால்ல மாட்டின துடுப்பு லேசா இடிச்சாலே, வருஷக்கணக்கா வளர்ந்த கிளை ஒடிஞ்சிடும். 'வராதீங்க'னும் சொல்ல முடியாது. டூரிஸ்ட் வந்தாத்தான் தீவுல பலருக்குச் சாப்பாடு!

இங்கேதான் ஜேசன் டி கெய்ர்ஸ் டெய்லர் என்ட்ரி. லண்டன்ல சிற்பம் படிச்சவர், ஸ்கூபா டைவிங் சொல்லித் தர்றவர். ரெண்டையும் ஒண்ணாக் கலந்தார். 2006-ல மொலினேர் வளைகுடாவுல, உலகத்தின் முதல் கடலடி சிற்பப் பூங்கா ரெடி!

சுமார் அஞ்சு மீட்டர் ஆழத்துல, கைகோத்து வட்டமா நிக்கிற 26 பிள்ளைங்க... டைப்ரைட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒரு நிருபர்... எல்லாமே சிமென்ட் சிலைகள். உயிருள்ள பவளத்து மேல வைக்காம, பக்கத்து மணல்ல நிறுத்தினாங்க. கடலுக்குக் கெடுதல் பண்ணாத சிமென்ட், சொரசொரப்பான மேற்பரப்பு. தண்ணியில மிதந்து வர்ற பவளக் குஞ்சுகள் அதுல ஒட்டிக்கிட்டு வளர ஆரம்பிச்சிடும். கூட்டமும் சிலைகள் பக்கம் திரும்ப, அடிபட்ட பாறைகளுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்!

எந்தச் சிற்பியும் தன் சிலை அப்படியே நிலைக்கணும்னுதான் ஆசைப்படுவார். டெய்லர் கதை உல்ட்டா. மூக்கு, கண்ணெல்லாம் மறைஞ்சு, பவளமும் பஞ்சுயிரியும் மூடிட்டாத்தான் அவருக்குப் பாஸ் மார்க்!

சரி, சிலை வெச்சா பவளம் தப்பிச்சிடுமா? அவ்ளோ ஈஸி இல்லை பாஸ். கடல் சூடானா பவளம் வெளுத்துப்போய், பல சமயம் செத்தும்போகுது. உலகம் முழுக்க நாலாவது முறையா அப்படி வெளுக்குதுனு 2024 ஏப்ரல்ல அறிவிச்சாங்க. சிலை மேல முளைச்ச பவளத்துக்கும் அதே கதிதான்.

பின்ன எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? கண்ணுல படாத ஒண்ணுக்காக யாரும் குரல் கொடுக்க மாட்டாங்க. சிலையைப் பார்க்க இறங்கினவன், அதுமேல வளர்ற உயிரையும் பார்த்துட்டுத்தான் மேலே வர்றான். மொலினேர் இன்னிக்குப் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி.

அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு 'இயற்கையைக் காப்போம்'னு போஸ்டர் வரையப் போறீங்களா? ஒரு நிமிஷம் யோசிங்க. உங்க ஊர்ல யாரும் திரும்பிப் பார்க்காத குளம் எது? பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு நேரா அங்கே போங்க!