துப்பாக்கி இருக்கு, சி.டி இருக்கு... டிவி எங்கே? - வீட்டுக்கு வந்த 'டைம் கிரைசிஸ்' கதை

மால் கேம் சென்டரில் பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கையில் பிடித்து, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து மிதித்து வில்லன்களைச் சுட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் 'டைம் கிரைசிஸ்' வரிசையில் ஏதோ ஒரு பாகத்தை ஆடியிருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் பாகத்தை ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1995-ல் ஆர்கேடில் இறக்கியது. கதை நமக்குப் பழகிய மசாலாதான். கடத்தப்பட்ட ஜனாதிபதி மகள், கோட்டைக்குள் வில்லன் கும்பல், தனி ஆளாக உள்ளே போகும் ஹீரோ ரிச்சர்ட் மில்லர். விஷயம் அந்தப் பெடலில் இருக்கிறது. மிதித்தால் ஹீரோ மறைவிலிருந்து வெளியே வந்து சுடுவார். காலை எடுத்தால் சட்டென ஒளிந்துகொள்வார், துப்பாக்கியில் 6 தோட்டாக்களும் நிரம்பிவிடும். 'அப்போ ஒளிஞ்சே இருக்கலாமே' என்று நினைப்பவர்களுக்காகத்தான் திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் முடிந்தால் ஆட்டம் காலி. பயமும் அவசரமும் ஒரே காலில்!

இந்த கேமை 1997-ல் சோனியின் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்கேடில் ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் இடித்து, கையை உதறும். வீட்டுத் துப்பாக்கியில் அது இல்லை. ஆர்கேட் இயந்திரத்தின் பலம் பிளேஸ்டேஷனுக்குக் கிடையாது என்பதால் காட்சிகளும் எளிமையாகின. பெடலுக்குப் பதில் துப்பாக்கியின் பக்கவாட்டில் பட்டன் வைத்தார்கள். இன்னொரு கன்ட்ரோலரைச் செருகித் தரையில் போட்டு, காலால் அமுக்கி விளையாடிய கில்லாடிகளும் உண்டு.

குறைத்தது இவ்வளவு என்றால், சேர்த்ததும் உண்டு. ஆர்கேட் கேம் காசு போட்டு ஆடுவது, சீக்கிரம் முடிந்துவிடும். முழு விலை கொடுத்து சி.டி வாங்கியவருக்கு அது போதுமா? அதனால் வீட்டுப் பதிப்புக்கென்றே தனியாக ஒரு முழு மிஷனைச் செய்தார்கள். நீங்கள் எவ்வளவு வேகமாக முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதில் அடுத்த பாதை மாறும். ஆர்கேட் பதிப்பைவிட வீட்டுப் பதிப்பை நான் ஒரு படி மேலே வைப்பது இதனால்தான்.

சரி, துப்பாக்கி நிஜத்தில் எப்படி வேலை செய்தது?

90-களில் நம் வீடுகளில் இருந்த 'டிவி கேம்' பெட்டியையும், அதில் வாத்து சுடும் 'டக் ஹன்ட்' ஆட்டத்தையும் அண்ணன், அக்காக்களிடம் கேட்டுப் பாருங்கள். அதில் ட்ரிகரை அழுத்தியதும் திரை கண நேரம் கறுப்பாகும். பிறகு வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சாருக்கு அந்த வெளிச்சம் தெரிந்தால் வாத்து விழும், தெரியாவிட்டால் தப்பிக்கும். ஆமாம், தோட்டா டிவிக்குப் போகவில்லை. டிவி வெளிச்சம்தான் துப்பாக்கிக்கு வந்தது! ஆனால் திரையில் எந்த இடத்தைக் குறிவைத்தோம் என்பது அந்தத் துப்பாக்கிக்குத் தெரியாது. பட்டதா, இல்லையா என்பது மட்டும்தான்.

திரை முழுக்க எதிரிகள் ஓடும் 'டைம் கிரைசிஸு'க்கு அது போதாது. அதற்காக நாம்கோ கொடுத்ததுதான் 'கன்கான்' துப்பாக்கி. ஐரோப்பாவில் இதன் பெயர் ஜி-கான் 45. இதன் ஒரு வயர் பிளேஸ்டேஷனுக்குள் போகும். இன்னொன்று, டிவிக்குப் போகும் மஞ்சள் வீடியோ வயரோடு சேரும். ரகசியமே அந்த மஞ்சள் வயரில்தான்.

பழைய டியூப் டிவி முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டாது. உள்ளே ஓர் எலக்ட்ரான் கற்றை மேல் இடது மூலையில் ஆரம்பித்து, கோலம் போடுவதுபோல வரி வரியாகக் கீழே இறங்கும். நம் ஊரில் இருந்த பால் முறையில் இது நொடிக்கு 50 முறை நடக்கும். ஒரு வரிக்கு 64 மைக்ரோ நொடிதான். கற்றை எப்போது மேலிருந்து கிளம்பியது என்பதை மஞ்சள் வயர் சொல்லிவிடும். நாம் குறிவைத்த புள்ளியைக் கற்றை கடக்கும்போது சென்சாரில் வெளிச்சம் படும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டால் எந்த வரி, வரியில் எந்த இடம் என்று வந்துவிடும். துப்பாக்கி வேடத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் என்றே சொல்லலாம்.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். எல்.சி.டி, எல்.இ.டி டிவிகளில் கற்றையே கிடையாது. போதாததற்கு, படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் சின்ன தாமதம் வேறு. சி.டி நன்றாக இருந்தாலும், துப்பாக்கி புத்தம் புதிதாகவே இருந்தாலும், எத்தனை முறை சுட்டாலும் ஒன்றும் நடக்காது. இந்த கேமின் மூன்றாவது பாகம் டிவிதான் என்பது, டிவியை மாற்றிய பிறகுதான் பலருக்கும் தெரிந்தது.

சாதாரண கன்ட்ரோலரில் குறியை நகர்த்தியும் ஆடலாம். ஆனால் அது செல்போனில் கேரம் ஆடுவது மாதிரி. ஸ்ட்ரைக்கரைச் சுண்டிய விரலுக்கு அதில் வேலையில்லை.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த கன்கான் 3, டிவியின் மேல் வைக்கும் எல்.இ.டி விளக்குகளைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தது. கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கான 'சிண்டன்' துப்பாக்கியில் கேமரா இருக்கிறது. திரையைச் சுற்றி வரையும் வெள்ளை பார்டரை அது பார்த்துக் கணக்கிடும். 2025-ல் ஜப்பானின் தாஸ்ஸேய் டென்கி நிறுவனம், பண்டாய் நாம்கோ அனுமதியோடு, ஏ.ஐ கேமரா துப்பாக்கியில் முதல் 'டைம் கிரைசிஸை'யே திரும்பக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் அலமாரியில் தூங்கும் பழைய கன்கானுக்கு இதனால் பயனில்லை. அதற்கு டியூப் டிவியே வேண்டும்.

அந்த டிவிகளோ காயலான் கடைக்குப் போய்விட்டன. 2006-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச கலர் டிவியும் டியூப் வகைதான். அவற்றில் எத்தனையை நாமே எடைக்குப் போட்டிருப்போம்!

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று மிச்சமிருந்தால், பின்னால் மஞ்சள் வீடியோ துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். '100 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கும் டியூப் டிவி இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவராது. படம் வரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், நீங்களாகப் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.