உப்பும் சாம்பல் சத்தும்

சாயத் தொட்டியில் உப்பு இடுவது ஏன் என்பதை நெசவாள அன்பர்கள் நன்கறிவர். பருத்தி நூலும் சாயமும் நீரில் ஒன்றையொன்று விலக்கும் இயல்பின; உப்பு அவ்விலக்கலைத் தணித்துச் சாயத்தை நூலில் ஏற்றுகிறது. ஆனால் உப்பு நூலோடு போவதில்லை. ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரிலேயே நிற்கிறது. அந்நீர் எங்கே செல்கிறது என்பது உழவர் கேட்க வேண்டிய கேள்வி.

சிங்காரப்பேட்டைக்கு நொய்யலாறு தொலைவுதான். ஆயினும் தறியும் ஏரும் ஒரே சங்கத்தில் கூடியுள்ள நமக்கு அங்கு நிகழ்ந்தது அயலார் கதையன்று. திருப்பூர்ச் சாயக் கழிவு ஆற்றில் கலந்து, 1992-இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. பாசனத்துக்கென எழுந்த அணை கழிவுக் குட்டையாயிற்று. வயல்களும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது.

உப்பு பயிரைக் கெடுப்பது எவ்வாறு? வேர் நீர் உறிஞ்சுவதை அது தடுக்கிறது என்பது ஒன்று. மற்றொன்று நுட்பமானது. உயிரணுவின் பல வேலைகள் நாம் சாம்பல் சத்து என்னும் பொட்டாசியத்தின் துணையாலேயே நடைபெறுகின்றன. உப்பிலுள்ள சோடியம் அதற்கு நெருங்கிய சாயலுடையது. அதன் ஆசனத்தில் அமர்ந்துகொள்ளும், அதன் வேலையைச் செய்யாது!

ஆகவே ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் வாயில்கள் உள்ளன. நம் உடலில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொணரும் பம்பு ஒன்று உண்டு. நெல்லுக்கு அது இல்லை. நெல்லின் உயிரணு முதலில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி நுழையும் விசையைக் கொண்டு சோடியத்தை வெளியேற்றுகிறது, அல்லது தன்னுள் இருக்கும் நீர்ப்பையில் அடைத்து வைக்கிறது. ஈஸ்ட் என்னும் பூஞ்சைக்கோ சோடியத்தை நேரே வெளியேற்றும் பம்பு இருக்கிறது. பாக்டீரியா, ஈஸ்ட், நெல் ஆகிய மூன்றிலும் பொட்டாசியமோ சோடியமோ நுழையும் சில வாயில்கள் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பது வியப்புக்குரியது.

வங்காளத்து உவர் நிலங்களில் விளையும் நோனா போக்ரா என்னும் பழைய நெல்லில் அக்குலத்து வாயில் ஒன்று 2005-இல் அறியப்பட்டது. இலைக்கு ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை வழியிலேயே அது மீட்டுவிடுகிறது, இலை பிழைக்கிறது. கேரளத்துப் பொக்காளி நெல்லும் உப்பைத் தாங்குவதில் பெயர் பெற்றது.

விதை மட்டும் போதாது. களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மண்ணைப் பற்றிய சோடியத்தைப் பெயர்க்கும். பெயர்ந்ததை நல்ல நீர் பாய்ச்சிக் கழுவி வெளியேற்ற வேண்டும். எனவே மண்ணைப் பரிசோதித்து, வடிகாலை முதலில் வெட்டிவிட்டு, அதன் பின்னரே ஜிப்சம் வாங்குக.