இரண்டாம் பாகத்தைக் கெடுப்பது கிராபிக்ஸா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குத் திரைப்பட விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. பெரிய படம் எது வந்தாலும் தெலுங்கில் உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். தமிழில்தான் பார்ப்பேன் என்று அடம் பிடிப்பவர்கள் வேலூர் வரை போய் வரலாம். இப்படி இரண்டு பக்கமும் படம் பார்க்கும் நம்மவர்களிடம் அண்மைக் காலமாக ஒரே குறைதான் கேட்கிறது. "முதல் பாகம் நன்றாக இருந்தது. இரண்டாம் பாகத்தில் வெறும் கிராபிக்ஸ்தான் இருக்கிறது, கதையைக் காணோம்" என்கிறார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் டிக்கெட், தின்பண்டம், போக்குவரத்து என்று கணிசமாகச் செலவழித்துவிட்டுச் சொல்லும் குறை இது. இதில் நியாயம் எவ்வளவு என்று சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

தந்திரக் காட்சி புதிதல்ல

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சினிமா பிறந்த நாளிலிருந்தே கண்கட்டு வித்தையும் உடன் இருந்து வருகிறது. விஜயா நிறுவனத்தார் 1951-ல் 'பாதாள பைரவி'யையும் 1957-ல் 'மாயா பஜா'ரையும் தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுத்தார்கள். இரண்டுக்கும் இயக்குநர் கே.வி. ரெட்டி, ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. கணிப்பொறி என்ற சொல்லே நம் ஊரில் இல்லாத காலம் அது. 'மாயா பஜா'ரில் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்து கல்யாண விருந்தை உண்ணும் காட்சியில் பலகாரங்கள் தாமே அவர் வாய்க்குள் பாய்கின்றன. இன்றைக்கும் நம் வீட்டுக் குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அதே படத்தில் இன்னொரு மாயம் உண்டு. கடோத்கஜன் மணப்பெண்ணின் உருவம் எடுத்து வருகிறான். பெண் உடம்புக்குள் ஓர் அரக்கன் இருக்கிறான் என்பதை நமக்கு உணர்த்துவது காமிரா அல்ல, சாவித்திரியின் நடையும் மிடுக்கும் விழிகளும்தான். மாயக் காட்சியின் பாரத்தை நடிகர் சுமந்தால் அது நிலைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எடையைக் கண் அறியும்

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். கிராபிக்ஸ் காட்சி சில இடங்களில் நம்பும்படி இருக்கிறது, சில இடங்களில் பொம்மை விளையாட்டாகத் தெரிகிறது. ஏன்? பெரும்பாலும் எடைதான் காரணம்.

பாடப் புத்தகக் கணக்கு ஒன்று சொல்கிறேன். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட சுமார் 1 வினாடி ஆகும். 20 மீட்டரிலிருந்து என்றால் 2 வினாடி. 80 மீட்டரிலிருந்து என்றால் 4 வினாடி. உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகும். ஆகவே மலை போன்ற ஓர் உருவம் விழும்போது நம் கண்ணுக்கு அது மெதுவாகத்தான் விழ வேண்டும். அது சிறுபிள்ளை போலத் துள்ளி எழுந்தால், எவ்வளவு பெரிதாக வரைந்திருந்தாலும், "இது பொம்மை" என்று மனம் சொல்லிவிடும். கணக்குத் தெரியாத பாட்டிக்கும் இது தெரியும். வாழ்நாள் முழுவதும் பொருள்கள் விழுவதைப் பார்த்த கண்ணல்லவா?

அந்தக் காலத்து மினியேச்சர் கலைஞர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பதினாறில் ஒரு பங்கு அளவில் ரயில் மாதிரி செய்து அதைக் கவிழ்ப்பதாக இருந்தால், வினாடிக்கு 24 படங்களுக்குப் பதில் 96 படங்கள் எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டிக் காட்டுவார்கள். அப்போதுதான் சிறு மாதிரிக்கு நிஜ ரயிலின் பாரம் வரும்.

ரயில் பெட்டிகளோடு காலம் கழித்தவனுக்கு இதில் கூடுதலாக ஒன்று தெரியும். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பயணிகள் பெட்டி ஒன்று ஆளில்லாமலே சுமார் 40 டன் இருக்கும். அந்த எடை ஸ்பிரிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் பெட்டி சாயும், பாயிண்ட்டைக் கடக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி எழும். 100 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். திரையில் பெட்டிகள் தீப்பெட்டிகளைப் போல மேலே பறக்கும்போது இந்த அமுங்கல், சாய்வு, இழுப்பு எதுவும் இருப்பதில்லை. அங்கேதான் பயம் போய்விடுகிறது.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான். 2013-ல் வந்த 'பசிபிக் ரிம்' படத்தில் ராட்சத எந்திரங்கள் ஒவ்வோர் அடியையும் பாரத்தோடு எடுத்து வைத்தன. 2018-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவை ஓடின, தாவின, குதித்தன. கணிப்பொறியின் ஆற்றல் இடைப்பட்ட ஐந்து ஆண்டில் கூடித்தான் இருந்தது. ஆனால் எந்திரங்களின் எடை குறைந்துவிட்டது என்று பலரும் குறை சொன்னார்கள்.

சிட்டியும் அவன் தம்பிகளும்

நம் தமிழ்ப் படத்துக்கு வருவோம். 2010 அக்டோபர் 1-ல் வெளியான 'எந்திரன்' படத்துக்கு இயக்குநர் ஷங்கர். கிராபிக்ஸ் பொறுப்பேற்ற வி. ஸ்ரீனிவாஸ் மோகனும், கலை இயக்குநர் சாபு சிரிலும் அதற்காகத் தேசிய விருது பெற்றார்கள். எந்திர உருவங்களைச் செய்து கொடுத்தது அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ். 'டெர்மினேட்டர் 2' (1991), 'ஜுராசிக் பார்க்' (1993) படங்களுக்கு நிஜமான பொம்மை உருவங்களைச் செய்த ஸ்டான் வின்ஸ்டனின் குழுவினர் தொடங்கிய நிறுவனம் அது.

'எந்திர'னிலும் கிராபிக்ஸுக்குக் குறைவில்லை. முடிவில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் பேருருவமாகவும் மாறுகிறார்கள். ஆனாலும் நாம் சலிக்கவில்லை. சிட்டிக்கு என்ன வேண்டும் என்பது அதற்குள் நமக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு சனா வேண்டும். எந்திரத்துக்கு ஆசை வந்ததால் விளைந்த விபரீதம் அது. படத்தில் பலர் நினைவில் நிற்பது அந்தப் பேருருவம் அல்ல, கடைசியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் காட்சி.

இரண்டாம் பாகமான '2.0', 2018 நவம்பர் 29-ல் வந்தது. 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று பேசப்பட்டது. கிராபிக்ஸ் வேலை முடியாமல் வெளியீடு ஓராண்டுக்கு மேல் தள்ளிப் போனது. செல்போன்கள் லட்சக்கணக்கில் கூடிப் பறவையாகும் கற்பனை அருமையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் பாகத்தில் கதைக்கே உயிராக இருந்த சனா, இதில் தொலைபேசியில் கேட்கும் குரலாக மட்டும் ஆகிவிட்டாள். முடிவில் கால்பந்து மைதானத்தில் எந்திரமும் பறவையும் நெடுநேரம் மோதுகின்றன. ஓர் எந்திரம் உடைந்தால் இன்னொன்று வருகிறது. அப்படியானால் நாம் யாருக்காகப் பயப்படுவது? அக்ஷய் குமார் பறவைகளுக்காக ஏங்கும் முதியவராக வரும் முன்கதைதான் மனத்தில் தங்குகிறது. அங்கே ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு ஓர் இழப்பு இருக்கிறது.

'பாகுபலி' இதற்கு நேர்மாறான உதாரணம். 2017-ல் வந்த இரண்டாம் பாகத்தில் வீரர்கள் பனைமரங்களை வளைத்து, கேடயங்களைச் சேர்த்துப் பிடித்து, கோட்டைக்குள் பறந்து விழுகிறார்கள். எந்தப் பொறியியல் கணக்கிலும் அவர்கள் பிழைக்க முடியாது. ஆனாலும் கொட்டகை அதிர்ந்தது. "கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான்?" என்ற கேள்வியை 2015-லிருந்து மக்கள் சுமந்து கொண்டிருந்தார்கள். விடை கிடைத்த வேகத்தில் மற்றதை மன்னித்தார்கள். இரண்டாம் பாகத்துக்கு உண்மையான மூலதனம் முதல் பாகம் விட்டுச் சென்ற கேள்விதான்.

நம் ஊர்ப் படம்

இதையெல்லாம் நம் ஊரை வைத்தே பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. 2021 டிசம்பரில் வந்த 'புஷ்பா', சேஷாசலம் காட்டுச் செம்மரக் கடத்தலைப் பற்றியது. சித்தூர்த் தெலுங்கில் பேசிய அந்தப் படத்துக்காக அல்லு அர்ஜுன் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். முதல் பாகத்தின் புஷ்பா மரம் வெட்டப் போகும் கூலி ஆள். அடிபடுவான், பிடிபடுவான், அவமானப்படுவான். அந்தக் காட்டின் ஆபத்து நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கடத்தல்காரனை நாயகனாக்கலாமா என்பது தனிக் கேள்வி. ஆனால் கூலி ஆளின் உயிருக்கு அங்கே உத்தரவாதமில்லை என்ற உண்மை முதல் பாகத்தில் இருந்தது.

2024 டிசம்பரில் இயக்குநர் சுகுமாரின் இரண்டாம் பாகம் வந்தது. மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படம் வசூலில் வரலாறு படைத்தது. ஜப்பான் துறைமுகச் சண்டையும், கை கால் கட்டப்பட்ட நிலையிலும் நாயகன் பகைவர்களைப் பந்தாடும் இறுதிச் சண்டையும் பிரம்மாண்டம்தான். ஆனால் இவனை எவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இறுதிச் சண்டையில் கணிப்பொறியைவிடக் கயிறும் ஸ்டண்ட் கலைஞர்களின் உழைப்பும்தான் அதிகம் தெரிகின்றன. ஆகவே மிகைக்குக் காரணம் கணிப்பொறி மட்டுமே என்று சொல்ல முடியாது. நாயகனுக்கு எல்லை இல்லாமல் போவதுதான் வியாதி. கிராபிக்ஸ் அந்த வியாதியை வளர்க்க வசதி செய்து கொடுக்கிறது.

அதே படத்தில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து பார்த்த பகுதி கங்கம்மா ஜாத்திரை. திருப்பதி தாத்தய்ய குண்ட கங்கம்மா கோயில் ஜாத்திரையை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒருவனை அம்மன் பல வேடங்களில் தேடி வந்து அழித்தாள் என்பது கதை. அதை நினைந்து ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்து, வேண்டுதலை நிறைவேற்றுகிறார்கள். திருமலை ஏழுமலையானின் தங்கை என்பதால் அம்மனுக்கு அங்கிருந்து சீர் வருகிறது. படத்தில் நாயகன் மாதங்கி வேடத்தில் உடம்பெங்கும் நீலம் பூசி, சேலையும் நகையும் அணிந்து ஆடும்போது, அங்கே நிற்பது வியர்க்கும் உடம்பு. தனக்கு ஒரு பெண் குழந்தை பிறக்க வேண்டும் என்ற வேண்டுதலும், வீட்டுப் பெண்ணின் மானம் காக்கும் கோபமும் அந்த ஆட்டத்துக்குக் காரணமாக இருக்கின்றன. 'மாயா பஜார்' சாவித்திரியிடம் நாம் கண்டதும் இதுதான்.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் கிராபிக்ஸை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் நிஜமாகவே எடுக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியல்ல. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில், கார் பாய்ந்து கவிழும் காட்சியில் ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். நம் இரண்டு மணி நேரப் பொழுதுபோக்குக்காக ஒரு குடும்பம் தலைவனை இழப்பது நியாயமா? பாதுகாப்புக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பிறகு அதைப் படத்திலிருந்து அழிக்கவும், தீயையும் வெடியையும் ஆளில்லாத நேரத்தில் எடுத்துச் சேர்க்கவும் கணிப்பொறியால் முடியும். இது பெரிய நன்மை.

'மேட் மாக்ஸ்' வரிசையில் 2015-ல் வந்த 'ஃப்யூரி ரோடு' படத்தில் வண்டிகளும் பாய்ச்சல்களும் பெரும்பாலும் நிஜம். ஆனால் கணிப்பொறி கை வைத்த ஷாட்டுகளும் சுமார் 2,000 உண்டு. பார்ப்பவருக்கு அது உறுத்தவில்லை. 'டெர்மினேட்டர் 2'-ம் இரண்டாம் பாகம்தான். அதில் கணிப்பொறி வரைந்த உலோக மனிதன் தெரிவது மொத்தம் சுமார் 5 நிமிடமே. கூட்டினாலும் குறைத்தாலும் பயன்படுத்தும் இடம் அறிந்தால் கெடுதல் இல்லை.

கணிப்பொறி ஸ்டண்ட் கலைஞரின் ஆபத்தை நீக்கட்டும், கதையில் இருக்கும் ஆபத்தை நீக்காமல் இருக்கட்டும். இதுவே என் கருத்து. பாலத்துக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஓர் எல்லை எழுதி வைத்திருப்பது போல, நாயகனுக்கும் ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லையை அவன் தொடும் இடத்தில்தான் நம் நெஞ்சு படபடக்கும்.

பிள்ளைகளோடு அடுத்த பெரிய படத்துக்குப் போகும் பெற்றோர்கள் திரும்பி வரும் வழியில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "அந்தச் சண்டையில் யாருக்கு என்ன போயிருக்கும்?" பிள்ளை யோசிக்காமல் பதில் சொன்னால் கிராபிக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று பொருள். பதில் வராவிட்டால், நாம் கொடுத்த பணத்துக்கு வாணவேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். வாணவேடிக்கையும் அழகுதான். ஆனால் அதற்கு இரண்டாம் பாகம் எதற்கு?