வீட்டுக்கு வந்த குட்டி நாய்

டோல்கேட் பக்கத்துச் சின்ன வீடுகளிலும், "அம்மா, நமக்கும் ஒரு நாய்க்குட்டி வேணும்மா!" என்று கெஞ்சும் பிள்ளைகள் உண்டு. தாராளமாக வளர்க்கலாம். பிறந்து 8 வாரமாவது தாயிடம் இருந்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு மூலையில் சாக்கு விரித்து, அதுதான் அதன் இடம் என்று பழக்குங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே தூக்கிப் போங்கள். அங்கே 'இருந்து'விட்டால் உடனே தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் அடிக்காதீர்கள். அடி வாங்கிய குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும். லாரி ஹாரனுக்கு மிரண்டு ஓடும். பட்டையும் கயிறும் இல்லாமல் தெருவில் விடாதீர்கள்.

வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு கொடுக்கக் கூடாது. 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. விளையாட்டில் பல் பட்டுவிட்டால், "நம்ம குட்டிதானே!" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியெல்லாம் அந்தக் காலம், இப்போது கையில்தான். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அபூர்வம். குட்டியோடு விளையாடும் குழந்தை, பல் பட்டால் பயப்படாமல் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். அதற்கு, சொன்னால் திட்டு விழாது என்ற தைரியத்தை இன்றைக்கே கொடுத்து வையுங்கள்.