இரத்தத் துளி சொல்லும் வயது

மதரஸாவில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார்களிடம் வயதைக் கேட்டால், "கஜா புயலடித்த வருஷம், ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து மூன்றாம் நாள் பிறந்தான், ஹஜ்ரத்" என்ற பதில் இன்றும் வருவதுண்டு. நானும் ஒரு கணக்குப் போட்டுப் பதிவேட்டில் எழுதிவிடுவேன். ஓராண்டு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்ற எண்ணம்தான். ஆனால், அன்பு வாசகர்களே! அந்த ஓராண்டைப் பற்றிக்கொண்டு ஒருவனுடைய வாழ்வே நிற்கும் இடம் ஒன்றுண்டு. அது நீதிமன்றம்.

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ஒரு துளி இரத்தம், அதற்குரியவரின் வயதையும் சொல்லும் என்கிறது இன்றைய தடய அறிவியல். எப்படி? நம் டி.என்.ஏ.வின் எழுத்துவரிசை பிறப்பு முதல் இறப்பு வரை ஏறத்தாழ மாறுவதில்லை. ஆனால் அவ்வெழுத்துகளின் மீது ஆங்காங்கே மீத்தைல் என்னும் சின்னஞ்சிறு வேதிக்குறிகள் ஒட்டியிருக்கின்றன. வயது ஏற ஏறச் சில இடங்களில் அவை பெருகுகின்றன. சில இடங்களில் குறைகின்றன. அமெரிக்க அறிஞர் ஸ்டீவ் ஹார்வத் 2013இல் இத்தகைய 353 இடங்களைக் கொண்டு ஒரு 'வயதுக் கடிகாரம்' அமைத்தார். பாதிப் பேருக்கு அதன் பிழை 3.6 ஆண்டுகளுக்குள் அடங்கியது. தடயமாகக் கிடைப்பதோ மிகச் சிறிதளவு. ஆகவே போலந்து ஆய்வாளர்கள் 2015இல் ஐந்தே மரபணுக்களை இரத்தத்தில் சோதித்து, சராசரியாக நான்காண்டுப் பிழையுடன் வயதைக் கணித்துக் காட்டினர்.

யாரென்றே தெரியாத ஒருவரைத் தேடும்போது இது பெரிய உதவி. தேட வேண்டியது இருபது வயது இளைஞரையா, அறுபது வயது முதியவரையா என்று தெரிந்துவிடுகிறதே! ஜெர்மனி இதற்கென்றே 2019இல் சட்டத்தைத் திருத்தி, கண், முடி, தோல் இவற்றின் நிறத்தோடு வயதையும் தடயத்திலிருந்து கணிக்க அனுமதித்தது.

பிடிபட்டவன் சிறுவனா, பெரியவனா என்ற கேள்விக்கு வந்தால் நிலைமை வேறு. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவன் சிறுவன். கொடுங்குற்றமானால், 16 வயது நிறைந்தவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் அது இடமளிக்கிறது. இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி இரண்டே ஆண்டுகள். கடிகாரத்தின் பிழையோ நான்கு! பதினேழு என்று அது காட்டினால் பதின்மூன்றாகவும் இருக்கலாம், இருபத்தொன்றாகவும் இருக்கலாம். போதாக்குறைக்குப் புகைபிடித்தலும் நோயும் அக்குறிகளை மாற்றுகின்றன. இரத்தத்திற்கு வகுத்த கணக்கு விந்துவுக்குப் பொருந்துவதுமில்லை. எலும்பின் எக்ஸ்-ரே சோதனையும் இப்படித்தான்: இருபுறமும் ஈராண்டு வரை பிழை நேரலாம் என்று உச்ச நீதிமன்றமே 1982இல் கூறியிருக்கிறது.

எனவேதான் மேற்சொன்ன சட்டம், பள்ளிச் சான்றிதழையே முதலில் கேட்கிறது. அது இல்லாவிடில் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழை. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. அந்தப் பள்ளிச் சான்றிதழில் இருப்பது, என்னைப் போன்ற ஓர் ஆசிரியர் என்றோ குத்துமதிப்பாக எழுதிய தேதியாகவும் இருக்கலாம். இப்போதெல்லாம் அந்தத் தாய்மார்களை, பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். சிலருக்கு என்மேல் வருத்தந்தான்.