வீதியைப் போல வரியையும் நேராக்கியவர்

வெளியூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் சரக்கு எடுக்க வரும் வியாபாரிகள் ஒன்றைச் சொல்லாமல் போவதில்லை: "உங்கள் ஊரில் வழி தவறவே முடியாது." கீழ ராஜவீதி, தெற்கு 3-ஆம் வீதி எனத் திசையும் எண்ணும் தெரிந்தால் கடையைப் பிடித்துவிடலாம். பழைய ஊர்களில் இப்படி அமைவது அபூர்வம்.

விஜய ரகுநாத ராய தொண்டைமான் (1807–1825) காலத்தில், ஆங்கிலேய ரெசிடெண்ட் பிளாக்பர்ன் யோசனைப்படி, நெருக்கமாகக் கிடந்த பழைய ஊர் இடிக்கப்பட்டு அகன்ற வீதிகளும் ஓட்டு வீடுகளும் எழுந்தன. ஆனால் ஊரை நகரமாக்கிய பெருமை திவான் அ. சேஷையா சாஸ்திரியையே சேரும். 1828-ல் பிறந்த இவர் இன்ஜினியரிங் படித்தவரல்லர். வருவாய்த் துறையில் படிப்படியாக உயர்ந்தவர். 1872 முதல் 1877 வரை திருவாங்கூர் திவான். 1878-ல் புதுக்கோட்டைக்கு வந்து, 1894 வரை, பதினாறு ஆண்டுகள் இங்கேயே இருந்தார்.

சர்க்கார் அலுவலகக் கட்டடங்கள் அவர் காலத்தவை. புதுக்குளமும் பல்லவன்குளமும் அவர் முயற்சியால் சீரமைக்கப்பட்டன. வற்றாத ஆறு இல்லாத சமஸ்தானத்தில் குளம் கெட்டால் குடிதண்ணீரும் இல்லை, சந்தையும் இல்லை. 1884-ல் தபால், தந்தி வசதியும் வந்தது. தந்தியின் அருமை வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவற்றைவிட, அமானி முறையை அவர் ஒழித்ததையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். அமானி என்றால் விளைச்சலில் சர்க்காருக்குப் பங்கு. அறுத்த நெல் காவலில் களத்திலேயே கிடக்கும். அதிகாரி வந்து அளக்கும்வரை குடியானவன் கை வைக்க முடியாது. மழையில் நனைந்ததும் உண்டு. இரவோடு இரவாகக் களவு போனதும் உண்டு. சாஸ்திரி இதை மாற்றிப் பணத் தீர்வை கொண்டுவந்தார். நெல் முழுவதும் குடியானவன் கைக்கு வந்தது. தீர்வை கட்ட அவன் அதைச் சந்தையில் விற்றாக வேண்டும். விற்றவன் வெறுங்கையோடா வீடு திரும்புவான்? உப்பும் புளியும் எண்ணெயும் வாங்கினான். வீதி அகலமாக இருந்து என்ன, வாங்க ஆள் வந்தால்தானே கடைவீதி!

பதவியிலிருந்து விலகியபின் கும்பகோணத்தில் வாழ்ந்து, 1903-ல் அவர் காலமானார். புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-ல்தான்.

மாட்டுவண்டிக் காலத்தில் விட்ட அகலம் லாரிக்கும் போதுமானதாகவே இருந்தது. இப்போது அந்த இடத்தில் நம் தகரப் பந்தலும் எண்ணெய் டின்களும் நிற்கின்றன. லாரி முனையிலேயே நின்றுவிட, மூட்டைக்கு இறக்குகூலி கூடுதலாகக் கொடுப்பவர்களும் நாம்தான்.